காலியாக இருந்த கண்ணாடிப் பெட்டி

அத்தியாயம் 9

ஒரே சாவு வீட்டில் என் மனைவி இரண்டு இடங்களில் இருந்தாள்.

அது எப்படி என்று சொல்வதற்கு முன் ராஜதுரையின் ஸ்டுடியோவுக்குப் போக வேண்டும். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில், ஒரு செல்போன் கடையின் மாடியில் அது இருக்கிறது. டெய்சி இறந்த முப்பத்தேழாம் நாள், சனிக்கிழமை காலை, நாங்கள் மூன்று பேர் அந்தப் படியில் ஏறினோம். முன்னால் லீலாவதி. இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பதினெட்டு வருடம் பொய்ச் சாவுகளையும் மெய்ச் சாவுகளையும் பிரித்துக் கொடுத்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். அவருக்குப் பின்னால் உதவியாளர் உத்திராபதி. தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். கடைசியில் நான், சவரியார். அரியலூரில் நூலகர்.

“பாத்து ஏறுங்க சார். இந்தப் படியக் கட்டுன கொத்தனாரு ஃபுட்போர்டுல தொங்கிக்கிட்டே கட்டியிருப்பாரு போல,” என்றார் உத்திராபதி.

நான் சிரிக்கவில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை. ஒரு வாரமாக அவர் என்னிடம் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார், பதில் வராத வீட்டின் கதவைத் தினமும் ஒருமுறை தட்டிவிட்டுப் போகிறவர் மாதிரி.

டெய்சி பெரம்பலூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். பகலெல்லாம் மைக்ரோஸ்கோப். சின்னதைப் பெரிதாகப் பார்த்துப் பழகிய கண், விடுமுறை நாளில் பெரியதைச் சின்னதாகச் செய்து பார்த்தது. செம்புக் கம்பியும் எம்-சீல் என்ற ஒட்டு மாவும் வைத்துத் தீக்குச்சி உயரத்துக்கு மனிதர்களைச் செய்வாள். மக்காச்சோளக் கதிரின் மேல் ஏர் ஓட்டுகிறவன், பேனா ஸ்பிரிங்கில் செய்த அடிபம்புக்கு முன்னால் குடத்தோடு சண்டை போடும் இரண்டு பெண்கள், புளியங்காய் ஓட்டுக்குக் கீழே சவரம் செய்யும் நாவிதர். பஸ் ஜன்னலில் பார்த்ததை எல்லாம் ஒரு தாம்பாளத்தில் அடுக்கி, செல்போனில் கிளிப் லென்ஸ் மாட்டிப் படம் எடுப்பாள்.

அவள் கடைசியாகச் செய்தது ஒரு சாவு வீடு.

அரியலூருக்குத் தெற்கே, வேலை நிறுத்தப்பட்ட ஒரு சுண்ணாம்புக்கல் குழியில், நாற்பதடித் தண்ணீரில் அவளை எடுத்தார்கள்; அவள் போன் கிடைக்கவில்லை. அன்று மாலையே அந்தத் தாம்பாளம் அவள் மேஜையில் கிடைத்தது. சாமியானாப் பந்தல், நாற்காலிகள், அழும் பெண்கள், நடுவில் கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் பச்சைச் சேலையும் மூக்குக்கண்ணாடியுமாகப் படுத்திருந்தாள் டெய்சி. தன் சாவைத் தானே செய்துவைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். தற்கொலை. கோப்பு மூடியது. மாதா கோயில் பூசைக்குப் போனால், தற்கொலை செய்தவளின் புருஷன் என்று எனக்குப் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது.

அவள் குதித்தாளா? இந்த ஒரு கேள்வியோடுதான் லீலாவதியிடம் போனேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

ராஜதுரை ஒரு பழுப்பு உறையை மேஜையில் வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“அக்கா போன்ல அனுப்புன படந்தான் மேடம். செவ்வாக்கெழம வந்தாங்க. ரெண்டு காப்பி போடச் சொன்னாங்க. ஒண்ண கையோட வாங்கிட்டுப் போயிட்டாங்க. இன்னொண்ணு இங்கயே இருக்கட்டும், நான் கேக்கறப்ப குடுங்கன்னாங்க. வெள்ளிக்கெழம நியூசு வந்துருச்சு.”

“முப்பத்தேழு நாளா ஏன் சொல்லல?” என்றார் லீலாவதி.

“சாவு வூட்டுப் படம் மேடம். எந்த முகத்த வெச்சுக்கிட்டு சார்ட்ட கொண்டாந்து குடுக்கறது?”

“அவரு கொணத்துக்கு இது வேகந்தான் மேடம்,” என்றார் உத்திராபதி. “எங்க கல்யாண ஆல்பத்தையே வளைகாப்பு அன்னிக்கித்தான் குடுத்தாரு.”

“நீங்க மீதிப் பணத்த அன்னிக்கித்தானண்ணே குடுத்தீங்க,” என்றார் ராஜதுரை.

லீலாவதி உறையைப் பிரிக்கவில்லை. “சாகப் போறவங்க காப்பி எடுத்து வெளில பத்திரமா வெச்சிட்டுப் போறதில்ல,” என்று மட்டும் சொன்னார். “வாங்க. தாம்பாளத்துக்குப் பக்கத்துல வெச்சுப் பாக்கலாம்.”

அவருடைய பழைய ஆல்ட்டோவில் அரியலூர் சாலையைப் பிடித்தோம். எதிரில் டிப்பர் லாரிகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்று கடக்கும்போதும் கண்ணாடியில் வெள்ளைத் தூசி படிந்தது. லீலாவதி துடைப்பானைப் போட்டார், மறுபடியும் படிந்தது.

“திங்கக்கெழம சாட்சி சொல்லப் போறீங்கல்ல சார்?” என்று உத்திராபதி முன் சீட்டிலிருந்து திரும்பினார்.

போகத்தான் வேண்டும். சென்ற ஐப்பசியில் வாலிகண்டபுரத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். நல்ல மழை. இலக்கியா என்ற கல்லூரிப் பெண்ணை, அவளுடைய ஸ்கூட்டியோடு, ஒரு டிப்பர் அடித்தது. ஓட்டுநர் இறங்கினான். அந்தப் பெண்ணைக் குனிந்து பார்த்தான். பிறகு சேற்றை அள்ளி நம்பர் பலகையில் பூசிவிட்டு ஏறிப் போய்விட்டான். மழைக்கோட்டு போட்ட முதுகைத்தான் நான் பார்த்தேன். நல்ல உயரம். பிறகு லாரி கிடைத்து, அதன் டிரைவர் என்று போலீஸ் பிடித்து வைத்திருந்த பெரியசாமி என் தோள் உயரம்கூட இல்லை. இவன் அவனில்லை என்று சொல்ல இருந்த ஒரே சாட்சி நான்.

“அத விட்டுறாதீங்க சார். ஒருத்தன் ஏறாத பஸ்ஸுக்கு டிக்கெட் வாங்கிட்டு உள்ள உக்காந்திருக்கான்.”

அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. அது ஒரு வழக்கு, இது ஒரு வழக்கு என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டெய்சியின் அறையை நான் மாற்றவில்லை. ஜன்னலை மட்டும் திறந்தேன். தாம்பாளம் அதே மேஜையில், மேலே ஒரு மெல்லிய துணியோடு இருந்தது. போலீஸ் அதைப் படம் எடுத்துக்கொண்டு என்னிடமே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். லீலாவதி துணியை விலக்கி, உறையிலிருந்து படத்தை எடுத்து அருகில் வைத்தார்.

அதே பந்தல், அதே நாற்காலிகள். அவள் மாத்திரை அட்டையின் பிளாஸ்டிக் குழியைத்தான் கண்ணாடிப் பெட்டியின் மூடியாகக் கவிழ்த்திருந்தாள். படத்திலும் அது அதே இடத்தில் இருந்தது.

ஆனால் படத்தில் பெட்டி காலி.

டெய்சி பெட்டிக்குள் இல்லை. தலைமாட்டில், சிலுவைக்குப் பக்கத்து நாற்காலியில், பச்சைச் சேலையோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு கை பெட்டியின் விளிம்பைப் பிடித்திருந்தது.

“அப்ப உள்ள எடுத்துப் படுக்க வெச்சது யாரு?” என்றார் உத்திராபதி. அவர் குரல் தாழ்ந்திருந்தது.

லீலாவதி படத்தை அவர் பக்கம் தள்ளினார். “எண்ணுங்க.”

உத்திராபதி ஒரு விரலை ஆட்டிக்கொண்டே, பஸ்ஸுக்குள் நடப்பவர் மாதிரி, படத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போனார். பிறகு தாம்பாளத்தில் அதே மாதிரி. “வெளில நிக்குற நாய விட்டுட்டேன் மேடம், அதுக்கு அரை டிக்கெட்டு. படத்துல பதினொண்ணு. தாம்பாளத்துல பத்து. ஒரு ஆளு நடு வழியில எறங்கிட்டான்.”

படத்தின் வலது ஓரத்தில், பந்தல் கால் பக்கம், முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற ஒருவன். வெள்ளை வேட்டி. கக்கத்தில் ஒரு மஞ்சப்பை. தாம்பாளத்தில் அந்த இடத்தில் எம்-சீல் பொட்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது, கால் பிய்ந்த தடத்தோடு.

“இது யாருன்னு தெரியுதா சார்?”

தெரியவில்லை. என் மாமியார் கையில் செபமாலையோடு இருந்தார்; அவரை மட்டும் தெரிந்தது. மற்றவர்களின் முகம் மிளகு அளவுகூட இல்லை. அவர்களைச் சாயலை வைத்துத்தான் பிடிக்க வேண்டும், அது அவள் பிறந்த வீட்டாருக்குத்தான் முடியும்.

“பெட்டிய ஏன் காலியா விட்டாங்க?”

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. நடந்ததைத்தான் டெய்சி முழுசாகச் செய்வாள். நடக்கப் போவதாக இருந்தால், உரியவரின் இடத்தைக் காலியாக விட்டுப் படம் எடுப்பாள். பக்கத்து வீட்டுப் பூங்குழலி மாசமாக இருந்தபோது ஒரு தொட்டிலைச் சுற்றிப் பத்துப் பெண்களை நிற்க வைத்தாள், தொட்டில் காலி. பிள்ளை பிறந்து மூன்றாம் நாள்தான் பயறு அளவுக்கு ஒரு குழந்தையைச் செய்து உள்ளே வைத்து, மறுபடி படம் எடுத்தாள். கிறிஸ்துமஸ் குடிலில் இருந்து வந்த பழக்கம். டிசம்பர் இருபத்து நாலு நள்ளிரவு வரைக்கும் எங்கள் வீடுகளில் குழந்தை இயேசுவுக்கான மாட்டுத் தொட்டி காலியாகத்தான் இருக்கும்.

“அப்ப அந்தச் செவ்வாக்கெழம வரைக்கும் இந்த வூட்ல யாரும் சாகல,” என்றார் லீலாவதி மெதுவாக. “ஒரு சாவு வரப் போகுதுன்னு மட்டும் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.”

“யாருக்கு ரிசர்வேசன் மேடம்?” என்று கேட்டுவிட்டு, உத்திராபதி உடனே வாயை மூடிக்கொண்டார்.

லீலாவதி, டெய்சி வைத்திருந்த சின்ன இடுக்கியை எடுத்தார். மாத்திரை மூடியைத் தூக்கினார். என் மனைவியை இடுப்பில் பிடித்து எடுத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எம்-சீல்தான், கம்பிதான். இருந்தாலும் திரும்பிக்கொண்டேன்.

“சார். இங்க பாருங்க.”

பெட்டியின் அடியில் மூன்று வைக்கோல் துணுக்குகள் இருந்தன. அரை நகம் நீளம். சிந்திக் கிடக்கவில்லை. பக்கம் பக்கமாக, நேராக அடுக்கப்பட்டிருந்தன.

“கூரைக்குன்னு அந்த டப்பாவுல வெச்சிருக்காங்களே, அந்த வைக்கோல்தான். ஆனா ஐஸ் பெட்டிக்குள்ள யாராவது வைக்கோல் போடுவாங்களா? இவங்க செத்ததுக்கப்புறம் யாரோ இந்த அறைக்குள்ள வந்திருக்காங்க. வந்து, ஒரு பொம்மைய பிச்சு எடுத்துட்டு, இன்னொண்ண உள்ள படுக்க வெச்சிருக்காங்க. அவ்வளவு அவசரத்துலயும் நின்னு நிதானமா மூணு வைக்கோல அடுக்கியிருக்காங்க. அத அந்தாளு யோசிச்சுச் செய்யல. கை தானா செஞ்சிருக்கு.” என்னைப் பார்த்தார். “வூட்டுச் சாவி?”

“மீட்டர் பெட்டிக்கு மேல. குடும்பத்துல எல்லாருக்கும் தெரியும்.”

“தாம்பாளத்த மொதல்ல பாத்துச் சொன்னது?”

“டோமினிக். டெய்சியோட தம்பி. அன்னிக்கி வேளாங்கண்ணிக்கு வேன் ஓட்டிட்டுப் போயிருந்தான். தகவல் தெரிஞ்சு சாயங்காலந்தான் வந்தான்.” சொல்லும்போதே அவன் என் காலடியில் உட்கார்ந்து அழுதது நினைவு வந்தது. “அவன்தான் மேடம் என்னைத் தூக்கி நிறுத்தினான்.”

லீலாவதி வைக்கோல் துணுக்குகளை ஒரு தீப்பெட்டிக்குள் போட்டார். “உங்க மாமியார் வூடு வரதராஜன்பேட்டைல தான?”

செபஸ்தியம்மாள் முற்றத்தில் முந்திரிக்கொட்டை காய வைத்துக்கொண்டிருந்தார். எழுபது வயது. கொட்டைப் பால் பட்டு விரல்களெல்லாம் கறுத்திருந்தன. மகள் போனதிலிருந்து ஒரு நாள்கூட வேலையை நிறுத்தவில்லை என்று ஊரில் சொன்னார்கள்.

“வாங்க மாப்ள. வாங்கம்மா. இந்த வெயில்லயா வந்தீங்க?”

கொட்டைச் சுளகோடு உள்ளே வந்து, எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார். லீலாவதி யார், எதற்கு வந்திருக்கிறார் என்று சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். மகள் குதிக்கவில்லை என்று ஒருவர் சொல்லமாட்டாரா என்று அவரும்தான் காத்திருந்தார்.

“குடில்ல குழந்தை இயேசுவ எப்பிடிம்மா வைப்பீங்க?” என்றார் லீலாவதி.

என் மாமியார் அந்தக் கேள்வியில் ஏதும் விசித்திரம் காணவில்லை. “பூசை முடிஞ்சு வந்து வைக்கறதுதான். எல்லா வூட்லயும் சும்மா தூக்கி வெச்சிருவாங்க. எங்க வூட்ல மொதல்ல மூணு வைக்கோல் போடணும். அப்பா மகன் பரிசுத்த ஆவின்னு சொல்லி ஒவ்வொண்ணா. அதுக்கு மேலதான் பாலன். எங்க மாமனார் காலத்துலேர்ந்து அப்படித்தான்.”

“யாரு வைப்பாங்க?”

“வூட்டுக்கு இளையவங்கதான் வைக்கணும். டோமினிக்குதான். நாலு வயசுலேர்ந்து போன வருசம் வரைக்கும் அவந்தான். அவங்கக்காவ தொடக்கூட விடமாட்டான். வைக்கோல் நேரா இல்லன்னா அழுவான்.”

உத்திராபதி மோர் டம்ளரைக் கீழே வைத்தார். அது தரையில் பட்ட சத்தம் அந்தக் கூடத்துக்குப் பெரிதாக இருந்தது.

எனக்கு அதை மறுக்க வேண்டும் போல இருந்தது. யாரும் வைக்கலாம், யாரும் பார்த்துப் பழகலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். லீலாவதி என் பக்கம் ஒரு விரலை உயர்த்திவிட்டு, படத்தை என் மாமியார் கையில் கொடுத்தார்.

“கடைசியா டெய்சி எடுத்த படம்மா. இதுல இருக்கறவங்கள உங்களுக்கு அடையாளம் தெரியுதா?”

செபஸ்தியம்மாள் படத்தை வாசல் வெளிச்சத்துக்குப் பிடித்துக் கண்ணைச் சுருக்கினார். முதலில் உதடு நடுங்கியது. பிறகு, ஆச்சரியமாக, முகத்தில் ஒரு பெருமை வந்தது.

“இது நானு. கையில செபமாலை, பாருங்க, மணி மணியா செஞ்சிருக்கா. இது எங்க சின்னம்மா, முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு. இது அரியலூர்ல இவங்க பக்கத்து வூட்டுப் பொண்ணு, இடுப்புல புள்ளையோட. இது சாமியாரு. இது என் நாத்தனாரு, அழுவும்போதுகூட வெத்தல போடுவா, கன்னத்து உப்பல் பாருங்க.” விரல் நகர்ந்தது. “இது எம்மவ. தலமாட்டுல உக்காந்திருக்கா.”

விரல் வலது ஓரத்துக்குப் போனது.

“இங்க நெட்டையா முதுகக் காட்டிட்டு நிக்குறான் பாருங்க, அது டோமினிக்கு. ஒரு பக்கமா சாஞ்சு நிப்பான். கோட்டக்கூட வெச்சிருக்கா!”

“கோட்டா? மஞ்சப்பைம்மா அது,” என்றார் உத்திராபதி.

“பையில்லய்யா. மழக்கோட்டு. நான்தான் சிதம்பரத்துல வாங்கிக் குடுத்தேன். முதுகுல கிழிச்சுக்கிட்டு வந்தான், நீலத் துணியில ஒட்டுப் போட்டுக் குடுத்தேன். இதா நீலமாத் தெரியுதுல்ல, ஒரு புள்ளி?”

மஞ்சள் கோட்டு. முதுகில், இடது தோளுக்குக் கீழே, நீலத் துணியில் ஒட்டு. வாலிகண்டபுரத்து மழையில் சேற்றை அள்ளிக்கொண்டு குனிந்த அந்த முதுகு. அதை நான் போலீஸிடம் சொன்னேன். வீட்டுக்கு வந்து டெய்சியிடம் சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

“டோமினிக் டிப்பரும் ஓட்டுவாரா?” லீலாவதியின் குரலில் எந்த மாற்றமும் இல்லை.

“வேனுக்கு சவாரி இல்லாதப்ப யாராச்சும் கூப்புட்டா போவான். யாரோ பெரியசாமியாம், அந்தாளுக்கு முடியலன்னா முதலாளிக்குத் தெரியாம இவன் போவான்.” என் மாமியார் இன்னும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “டெய்சி கடைசியா இங்க வந்தப்ப பரண்லேர்ந்து அந்தக் கோட்ட எடுத்துக்கிட்டு வந்து, யாருதும்மா இதுன்னா. தம்பிதுதாண்டின்னேன். அப்படியே சொவத்தோரமா உக்காந்துட்டா. தண்ணி குடுத்தா வேணாங்குறா. சாயங்காலம் அவன் வந்தப்ப ரெண்டு பேரும் கொல்லையில நின்னு ரொம்ப நேரம் பேசுனாங்க. வந்து, ‘அவன் என்னென்னமோ சொல்றாம்மா, எனக்கு பயமா இருக்கு’ன்னா. என்னடின்னா சொல்லல.”

“யாரும் சாகலியே,” என்று அவர் திடீரென்று சொன்னார். படத்தை இன்னும் பக்கத்தில் கொண்டுபோனார். “பொட்டி காலியாக் கெடக்கு. எல்லாரும் இருக்கோம். சின்னம்மா இருக்கா, நாத்தனார் இருக்கா, சாமியாரு, அக்கா, தம்பி...” விரல் மறுபடி ஒவ்வொரு தலையாகத் தொட்டு வந்தது. நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“மாப்ள. உங்களத்தான் காணும்.”

அப்போதுதான் புரிந்தது. டெய்சி செய்தது அவளுடைய சாவு வீட்டை அல்ல. என்னுடையதை. நான் சாட்சி சொல்லிப் பெரியசாமி விடுபட்டால் அடுத்து மாட்டுவது டோமினிக். அதைத் தடுக்க அவன் என்ன செய்வான் என்று தம்பியின் வாயாலேயே கேட்டுவிட்டாள். போலீஸுக்குப் போனால் தம்பி போவான், வாயை மூடினால் புருஷன் போவான். அதனால் அவளுக்குத் தெரிந்த வழியில் அவனிடம் பேசியிருக்கிறாள். நீ நினைப்பதைச் செய்தால் இப்படித்தான் இருக்கும், உன் அக்கா இங்கேதான் உட்கார்ந்திருப்பாள், பார் என்று. ஒரு பிரதி அவனுக்கு. ஒரு பிரதி ராஜதுரையிடம்.

அவன் அதையே எடுத்து அவளைப் பெட்டிக்குள் படுக்க வைத்துவிட்டான். அப்போதும் அக்காவை வெறும் தரையில் கிடத்த அவன் கைக்கு மனம் வரவில்லை.

வெளியே ஒரு வேன் வந்து நின்றது.

“சார், நீங்க எதுவும் பேசாதீங்க,” என்றார் லீலாவதி தாழ்ந்த குரலில். “உத்திராபதி.”

உத்திராபதி ஏற்கனவே கொல்லைப்புறம் போய்விட்டிருந்தார்.

டோமினிக் குனிந்து உள்ளே வந்தான். அந்த வீட்டு நிலைப்படிக்கு அவன் எப்போதும் குனிய வேண்டும். கையில் அம்மாவுக்கு வாங்கிய வாழைப்பழச் சீப்பு.

“வாங்க மச்சான்! சொல்லியிருந்தா நானே வந்து அழைச்சிட்டு வந்திருப்பேன்ல.” லீலாவதியைப் பார்த்துக் கும்பிட்டான். பழத்தை ஆணியில் மாட்டினான். “இன்னிக்கி அரியலூருக்கு வர்றதாத்தான் இருந்தேன். திங்கக்கெழம கோர்ட்டுக்கு நீங்க பஸ்ஸுல அலைய வேணாம் மச்சான். காலைல அஞ்சு மணிக்கே வந்துடறேன். மெயின் ரோட்டுல டிப்பர் தொல்ல. குழி பக்கமா மண் ரோடு இருக்கு, அதுல போயிட்டா வெரசா போயிடலாம்.”

அவன் முகத்தில் அக்கறை இருந்தது. உண்மையான அக்கறை. அதைத்தான் இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

லீலாவதி சொன்னதை நான் மதித்திருக்க வேண்டும். ஆனால் முப்பத்தேழு நாளாக என்னிடம் ஒரு கேள்விதான் இருந்தது.

“டோமினிக்,” என்றேன். “அவ குதிச்சாளா?”

அவன் என்னைப் பார்த்தான். பிறகு அம்மாவின் மடியில் இருந்த படத்தைப் பார்த்தான். இன்னொரு பிரதி இருக்கும் என்று அவன் நினைத்திருக்கவே மாட்டான். ஆணியில் மாட்டிய பழச் சீப்பின் மேலேயே கை நின்றுவிட்டது.

“இல்ல மச்சான்.” குரல் சின்னப் பையன் குரலாக இருந்தது. “போட்டோவக் குடுன்னுதான் கையப் புடிச்சேன். நீங்க சாட்சி சொல்லாம பாத்துக்கன்னுதான் கெஞ்சுனேன். முடியாதுன்னா. அவரு மேல கை வெச்சா நானே ஸ்டேசனுக்குப் போவேன்னா. உதறுனா... நானும் உதறுனேன். அங்க சுண்ணாம்புத் தரை மச்சான், மாவு மாதிரி சரியும்...”

லீலாவதி என் மாமியாரின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

“வேளாங்கண்ணில இருந்தேன்னியேடா,” என்றார் செபஸ்தியம்மாள்.

அவன் பழச் சீப்பிலிருந்து கையை எடுத்தான்.

“மாதாவுக்கு மெழுகுவத்தி வெச்சேன்னியேடா. கோயில்லேர்ந்துன்னு எங்கையில வெச்ச குங்கிலியம் எங்க வாங்குனது?”

டோமினிக் வாசல் பக்கம் திரும்பினான். என் மாமியார் எழுந்தார். சுளகு சரிந்து முந்திரிக்கொட்டைகள் கூடமெல்லாம் உருண்டன. அவன் இரண்டு எட்டு வைப்பதற்குள் அவர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டு, அதன் மேல் முதுகைச் சாய்த்து நின்றார். அவன் மார்பு உயரம்கூட இல்லை அவர். அவன் நினைத்திருந்தால் ஒரு கையால் விலக்கியிருக்கலாம்.

கொல்லை வாசலில் உத்திராபதி வந்து நின்றார். அவர் விரலில், வேனிலிருந்து எடுத்த சாவி தொங்கியது. இன்னொரு கையில் போனைக் காதில் வைத்து, போலீஸுக்கு வீட்டு வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

“அம்மா, வழிய விடு.”

“மாப்ள பாத்தாரே, அந்தப் பொண்ண மழையில போட்டுட்டுப் போன. எம்பொண்ண தண்ணியில போட்டுட்டுப் போன. இந்த மனுசன எங்க போட்டுட்டுப் போலாம்னு பாத்த?”

“அம்மா...”

“இனிமே நீ எங்கயும் போக வேணாம்,” என்றார் அவர். “உக்காரு.”

டோமினிக் உட்கார்ந்தான்.